அடுத்த ஸ்போர்ட்ஸ் கார் என்ன விலைக்கு வரும்?

டொயோட்டா செலிகா திரும்பி வருகிறது. 2024 நவம்பரில் ஜப்பானில் நடந்த உலக ராலிப் போட்டியின்போது, நிறுவனத்தின் துணைத் தலைவர்களில் ஒருவரே இதைப் பொதுவில் சொல்லிவிட்டார். 2006-இல் விற்பனை நின்றுபோன பெயர் அது. அறிவித்த நாளிலிருந்து கார் பிரியர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 300 குதிரைத்திறன் என்கிறார் ஒருவர். 400-க்குக் குறையாது என்கிறார் அடுத்தவர். நான்கு சக்கரங்களுக்கும் பவர் போகும், கியர் மேனுவலாகத்தான் இருக்கும், நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை நாலரை நொடியில் தொட்டுவிடும் என்றெல்லாம் அடுக்குகிறார்கள். விலை என்று வந்ததும் எல்லோருடைய குரலும் இறங்கிவிடுகிறது. 35,000 டாலருக்குள் வந்தால் நன்றாக இருக்கும் என்கிறார்கள்.

இந்தப் பேச்சு எனக்குப் பிடித்தமானது. மாதச் சம்பளக்காரர் கடன் போட்டாவது வாங்கக்கூடிய, ஓட்டும் சுகத்துக்காகவே செய்த கார் உலகச் சந்தையில் அரிதாகிக்கொண்டே போகிறது. எஸ்யூவிகளின் கூட்டத்தில் அப்படி ஒன்று மிஞ்சுமா, மிஞ்சினால் கைக்கு எட்டுமா என்று இரண்டு மூன்று வருடம் முன்பே கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் கணக்குப் போடும் வரிசை தலைகீழாக இருக்கிறது. ரசிகர்கள் குதிரைத்திறனில் தொடங்கி விலையில் முடிக்கிறார்கள். கைக்கு எட்டும் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்யும் நிறுவனமோ விலையில்தான் தொடங்குகிறது. யாருடைய தொழிற்சாலையில் செய்வது, எந்தக் காரின் என்ஜினை எடுத்துக்கொள்வது, செலவில் பாதியை யார் ஏற்பது, எந்தெந்த நாட்டுச் சட்டத்துக்குப் பொருந்த வேண்டும் என்ற நான்கு கேள்விகளுக்குப் பதில் கிடைத்தபின், மிச்சம் இருப்பதற்குள்தான் பவர் வருகிறது. இதைக் கண்ணால் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 2009 முதல் 2012 வரை நடந்ததைத் திரும்பிப் பார்த்தால் போதும்.

சிவப்பு கூபே

2009 அக்டோபர், டோக்கியோ மோட்டார் ஷோ. டொயோட்டா அரங்கில் எஃப்டி-86 என்ற பெயரில் ஒரு சிவப்பு கூபே நின்றது. அப்போது டொயோட்டாவின் ஷோரூம்களில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. சுப்ரா 2002-இல் போயிருந்தது, செலிகா 2006-இல், எம்ஆர்2-வின் கடைசி வாரிசு 2007-இல். அந்த ஆண்டு ஜூனில்தான் அகியோ டொயோடா நிறுவனத்தின் தலைவராகியிருந்தார். தானே ரேஸ் ஓட்டுகிறவர். அதனால் இந்தக் கூபே வெறும் கண்காட்சிப் பொம்மையாக நின்றுவிடாது என்ற நம்பிக்கை ரசிகர்களுக்கு உடனே வந்துவிட்டது.

86 என்ற எண்ணே பாதி வேலையைச் செய்தது. 1983-இல் வந்த கொரோல்லா வகைக் கூபேயின் உள்குறியீடு ஏஇ86. ஜப்பானியர்கள் 'ஹச்சி-ரோகு' என்பார்கள், எட்டு, ஆறு. மற்ற கொரோல்லாக்கள் எல்லாம் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியபோது, இந்தக் கூபே மட்டும் பழைய பின்சக்கர அமைப்பிலேயே தங்கிவிட்டது. எடை ஒரு டன்னுக்கும் குறைவு. 1.6 லிட்டர் என்ஜின். கெய்ச்சி சுச்சியா போன்ற ஓட்டுநர்கள் மலைப்பாதை வளைவுகளில் அதைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு ஓட்டிப் புகழாக்கினார்கள். 1995-இல் தொடங்கிய 'இனிஷியல் டி' என்ற சித்திரக்கதையில், டோஃபு கடைக்காரரின் மகன் இந்தக் காரை ஓட்டித்தான் பெரிய கார்களை மலையிறக்கத்தில் தோற்கடிக்கிறான். ஏழைப் பையன், பழைய கார், எளிய என்ஜின் என்ற சேர்க்கை அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டது. டொயோட்டா அதே எண்ணைப் புதிய காருக்கு எடுத்ததும், இதுவும் மலிவாகத்தான் இருக்கும் என்று உலகம் முழுக்க ஒரு வாக்குறுதி பிறந்துவிட்டது. நிறுவனம் அப்படி எதையும் சொல்லியிருக்கவில்லை.

விலைக்கான முடிவு அதற்கும் முன்பே வேறோர் இடத்தில் எடுக்கப்பட்டிருந்தது. 2005 அக்டோபரில், சுபாரு கார்களைச் செய்யும் ஃபூஜி ஹெவி இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் 8.7 சதவீதப் பங்குகளை ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து டொயோட்டா வாங்கியது. 2008 ஏப்ரலில் இரு நிறுவனங்களும் சேர்ந்து ஒரு ஸ்போர்ட்ஸ் காரை உருவாக்குவதாக அறிவித்தன. வடிவமும் திட்டமும் டொயோட்டா பக்கம். என்ஜினும் தயாரிப்பும் சுபாரு பக்கம். குன்மா மாகாணத்தின் ஓட்டா நகரில் இருக்கும் சுபாரு ஆலையிலேயே இரண்டு பெயர்ப்பலகைகளிலும் கார் வெளிவரும். திட்டத்தின் தலைமைப் பொறியாளர் தெத்சுயா தாதா, அதுவரை மினிவேன்கள் செய்துகொண்டிருந்தவர். தனியாகச் செய்தால் எந்தக் காலத்திலும் லாபம் பார்க்காத ஒரு கார், இரண்டு நிறுவனங்கள் செலவைப் பங்கிட்டதால் சாத்தியமானது.

ரசிகர்களின் கவனம் அங்கே போகவில்லை. சுபாரு என்றதும் டர்போ என்றார்கள். அந்தக் காலத்து டபிள்யூஆர்எக்ஸ் காரின் டர்போ என்ஜின் 265 குதிரைத்திறன் தந்தது. அதையே தூக்கி வைத்துவிடுவார்கள் என்று எழுதினார்கள். 2010 ஜனவரியில் டோக்கியோ ஆட்டோ சலோனில் பெரிய பின்சிறகும் காற்றுத் துளைகள் வைத்த பானெட்டுமாக ஒரு மாறுபட்ட எஃப்டி-86 வந்து நின்றதும் அந்த நம்பிக்கை உறுதியானது. 2011-இல் ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் அடுத்தடுத்த வடிவங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுக் கணக்கு.

பானெட்டின் உயரம்

சோதனை ஓட்டத்தில் இருக்கும் காரைக் கறுப்பு வெள்ளைச் சுழிகள் போட்ட ஸ்டிக்கரால் மூடித்தான் சாலையில் விடுவார்கள். அதை யாராவது படம் எடுத்துவிட்டால், கார் பித்துப் பிடித்தவர்கள் அந்தப் படத்தை வாசிக்கும் விதம் ஒரு தனிக் கலை. தேர்ந்தவர்கள் முதலில் பார்ப்பது சக்கரத்தை. எத்தனை போல்ட், அந்த போல்ட்கள் அமைந்த வட்டம் எவ்வளவு அகலம் என்று தெரிந்தால், அடியில் இருக்கும் பாகங்கள் எந்தக் காரிலிருந்து வந்தவை என்று சொல்லிவிடலாம். 86-இல் ஐந்து போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம். சுபாரு இம்ப்ரெஸாவின் அளவு அது. பிறகு டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண். 215/45 ஆர்17 என்றால் டயரின் அகலம் 215 மில்லிமீட்டர். முந்நூறு குதிரைத்திறனைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கு மட்டும் அனுப்பப்போகிற யாரும் இவ்வளவு ஒல்லியான டயரை மாட்டமாட்டார்கள்.

பிறகு பானெட். டபிள்யூஆர்எக்ஸ் காரின் பானெட் மேல் புடைத்த ஒரு காற்றுவாய் இருக்கும். டர்போ அழுத்தித் தள்ளும் சூடான காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் அங்கே என்ஜினுக்கு மேலேயே உட்கார்ந்திருப்பதுதான் காரணம். 2011-இல் வந்த வடிவங்களில் பானெட் வழவழவென்று தாழ்ந்து போனது. சுபாருவின் என்ஜினில் சிலிண்டர்கள் நிமிர்ந்து நிற்காமல் இரு பக்கமும் படுத்திருக்கும். அதைக் காரின் உள்ளே இன்னும் தாழ்த்தி, இன்னும் பின்னுக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். இதனால் காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து வெறும் 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு வந்துவிட்டது. பல மடங்கு விலையுள்ள கார்களோடு ஒப்பிடத்தக்க அளவு. டர்போ வராது என்பதை அந்தத் தாழ்ந்த பானெட் உரக்கவே சொல்லிக்கொண்டிருந்தது. ஆசை கண்ணை மறைத்ததால் பலர் அதைப் பார்க்கவில்லை.

தாதா தன் குழுவுக்கு மூன்று 'வேண்டாம்' வைத்திருந்தார். டர்போ வேண்டாம், நான்கு சக்கர இயக்கம் வேண்டாம், அதிகம் பிடிக்கும் அகல டயர் வேண்டாம். மூன்றும் சேர்ந்தால் கார் வேகமாகும். கூடவே கனமாகும், விலை ஏறும், ஓட்டுகிறவனுக்குச் செய்ய வேலை குறையும். இந்த மூன்றில் கடைசியைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன்.

2011 நவம்பர் இறுதியில் டோக்கியோவில் உண்மையான கார் வந்தது. 1,998 சிசி என்ஜின், டர்போ இல்லை. சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர், பிஸ்டன் நகரும் தூரமும் 86 மில்லிமீட்டர். 7,000 ஆர்பிஎம்-இல் 200 பிஎஸ் பவர், அதாவது லிட்டருக்கு நூறு. 205 என்எம் டார்க். எடை 1,200 கிலோவை ஒட்டி. 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 7.6 நொடி என்று டொயோட்டாவே அறிவித்தது. உச்ச வேகம் 226. டயர், டொயோட்டாவின் பிரியஸ் ஹைபிரிட்டிலும் பயன்பட்ட மிஷலின் வகை.

இந்த எண்களைப் பார்த்து மனம் ஒடிந்தவர்கள் நிறைய. அதே காலத்தில் அமெரிக்காவில் ஃபோர்டு மஸ்டாங் வி6 சுமார் 22,000 டாலருக்கு 305 குதிரைத்திறன் கொடுத்துக்கொண்டிருந்தது. காகிதத்தில் மஸ்டாங் எல்லா வரிசையிலும் முந்தியது. எடைக்கு இவ்வளவு பவர் என்று வகுத்துப் பார்த்தாலும் மஸ்டாங்தான் மேலே. அதை மறுக்க முடியாது.

இருபது லட்சம் யென்

விலையில் நடந்தது வேறு. ஜப்பானில் இருபது லட்சம் யென்னுக்குள் கிடைக்குமா என்பதுதான் அந்நாட்டு ரசிகர்களின் பெரிய கேள்வியாக இருந்தது. 2012-இல் டொயோட்டா 19.9 லட்சம் யென்னுக்கு ஒரு 86-ஐ வைத்தது. அதன் பெயர் ஆர்சி. பம்பருக்குப் பெயின்ட் கிடையாது, கறுப்புப் பிளாஸ்டிக் அப்படியே தெரியும். இரும்புச் சக்கரம். ஏசி இல்லை. ரேஸுக்கு எடுத்துப்போய் எல்லாவற்றையும் கழற்றி மாற்றுகிறவர்களுக்காகச் செய்த கார் அது. வாங்கியதும் தூக்கி எறியப்போகிற பொருளுக்கு அவர்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? தினமும் ஓட்ட நினைத்தவர்களுக்கு ஜி மாடல் 24.1 லட்சம் யென், ஜிடி மாடல் 27.9 லட்சம் யென். ஊகித்தவர்கள் சொன்ன எண்ணும் வந்தது, உண்மையான விலையும் பக்கத்திலேயே நின்றது. இன்று புதுக் காரின் 'தொடக்க விலை' என்று எதைப் படித்தாலும் எனக்கு அந்தப் பெயின்ட் இல்லாத பம்பர்தான் நினைவுக்கு வரும்.

அமெரிக்காவில் இதே கார் சையன் எஃப்ஆர்-எஸ் என்ற பெயரில் 24,200 டாலருக்கு வந்தது. இதை ஊகித்தவர்கள் குறைவு. காரணம், அப்போது ஒரு டாலருக்கு 80 யென்னை ஒட்டித்தான் கிடைத்தது. ஜப்பானில் செய்து கப்பலேற்றும் காரை அந்த மாற்று விகிதத்தில் விற்றால் கட்டுப்படியாகாது, 30,000 டாலரைத் தொட்டே தீரும் என்று கணக்குப் போட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 24,200 டாலரை அன்றைய விகிதத்தில் யென்னாக்கினால் 19 லட்சத்தை ஒட்டித்தான் வரும். ஏசியும் அலாய் சக்கரமும் உள்ள காரை, ஏசி இல்லாத சொந்த ஊர்க் காரைவிடக் குறைந்த காசுக்குக் கடல்தாண்டி விற்றார்கள். ஏனென்றால் அமெரிக்காவில் அந்தக் காருக்கு எதிரே மஸ்டாங்கும் ஹூண்டாய் ஜெனிசிஸ் கூபேயும் நின்றன. விலையை அந்தச் சந்தைதான் முடிவு செய்தது. செலவைச் சுபாருவின் ஆலை தாங்கியது. 2013-இல் யென் சரிந்து ஒரு டாலர் நூறு யென்னானதும் அந்தக் கணக்கு தானாகவே நேரானது.

ஊகித்தவர்களில் ஒருவர்கூடச் சொல்லாத குறை ஒன்று காரை ஓட்டியபிறகுதான் தெரிந்தது. மூன்றாவது கியர், 3,500 ஆர்பிஎம். முன்னால் ஒரு லாரி. ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். என்ஜின் சத்தம் ஏறுகிறது, கார் அதே அளவுக்கு ஏறவில்லை. 4,500 தாண்டும்வரை ஒரு தொய்வு. பிறகு மூச்சு வந்ததுபோல் 7,400 வரை பாய்கிறது. டார்க் வரைபடத்தில் அந்த இடம் பள்ளமாகவே தெரியும். உச்ச பவர் 200-ஆ 250-ஆ என்று மூன்று வருடம் வாதிட்டார்கள். தினசரி ஓட்டத்தில் கால் தேடுகிற இடம் உச்சத்தில் இல்லை, அந்த நடுப்பள்ளத்தில் இருந்தது. ஒற்றை எண்ணை வைத்துக் காரை மதிப்பிடுவதன் ஆபத்து இதைவிடத் தெளிவாக எங்கும் புலப்பட்டதில்லை.

எதிர்த்திசையில் ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. 2015-இல் மாஸ்டா எம்எக்ஸ்-5 நான்காம் தலைமுறை வந்தபோது, அமெரிக்க மாடலின் பவர் 167-லிருந்து 155 குதிரைத்திறனாகக் குறைந்திருந்தது. புது மாடலில் பவர் குறைவதா என்று கொதித்தார்கள். ஆனால் எடையை வெகுவாகக் குறைத்திருந்தார்கள். ஜப்பானில் அடிப்படை மாடல் 990 கிலோ. ஓட்டிப் பார்த்தால் பழையதைவிட விரைவாகவே ஓடியது.

மளிகைக்குப் போகும் என்ஜின்

மலிவான ஸ்போர்ட்ஸ் கார்களின் வரலாற்றைப் புரட்டினால், ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு குடும்பக் காரின் என்ஜின் இருக்கும். ஏஇ86-இல் இருந்த என்ஜின்தான் 1984-இன் எம்ஆர்2-விலும் இருந்தது. இரண்டுக்கும் மூலம் கொரோல்லா குடும்பம். 1989-இன் முதல் எம்எக்ஸ்-5, மாஸ்டாவின் ஃபெமிலியா காரின் 1.6 லிட்டர் என்ஜினைத் திருப்பி வைத்து ஓடியது. 116 குதிரைத்திறன், 13,800 டாலர். கூட்டம் அலைமோதியதால் டீலர்கள் பட்டியல் விலைக்குமேல் ஆயிரக்கணக்கில் கேட்டார்கள், கொடுத்தும் வாங்கினார்கள். எம்எக்ஸ்-5 பிறந்ததே ஒரு ரசிகரின் ஆசையிலிருந்து: பாப் ஹால் என்ற அமெரிக்க வாகனப் பத்திரிகையாளர் 1979-இல் மாஸ்டாவின் கெனிச்சி யமமோட்டோவிடம், எளிய, திறந்த மேற்கூரை உள்ள சின்ன ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் செய்யுங்கள் என்று சொன்னார். பின்னாளில் ஹால் மாஸ்டாவிலேயே சேர்ந்தார். 2016-க்குள் பத்து லட்சம் எம்எக்ஸ்-5 கார்கள் உருவாகியிருந்தன.

இந்த வித்தையைத் தமிழ்நாட்டில் செய்து காட்டியவர் கோவையின் எஸ். கரிவரதன். வெளிநாட்டு ரேஸ் கார் வாங்க வசதியில்லாத பையன்களுக்காக, மாருதி 800-இன் 796 சிசி என்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். ஃபார்முலா மாருதி என்று பெயர். நம் வீடுகளில் மளிகைக்கும் கல்யாணத்துக்கும் போய்வந்த அதே மூன்று சிலிண்டர் என்ஜின், ஸ்ரீபெரும்புதூர் ரேஸ் டிராக்கில் ஒரு தலைமுறை ஓட்டுநர்களை வளர்த்தது. நரேன் கார்த்திகேயனும் அதில் ஓட்டியவர்தான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. பல ஆயிரம் கோடி வைத்திருந்த நிறுவனங்கள் எட்டிய அதே முடிவுக்கு, ஒரு பட்டறையில் இருந்துகொண்டு அவரும் வந்து சேர்ந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

வராமல் போனவை

பங்காளி கிடைக்காத கார்கள் மேடையோடு நின்றுவிடுகின்றன. 2013 டோக்கியோ மோட்டார் ஷோவில் நிசான் காட்டிய ஐடிஎக்ஸ் வரவில்லை. 2015-இல் டொயோட்டா 86-க்குத் தம்பியாக எஸ்-எஃப்ஆர் என்ற மஞ்சள் காரைக் காட்டியது. நான்கு மீட்டருக்குள் அடங்கிய நீளம், பின்சக்கர இயக்கம். 86-ஐவிட மலிவு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அதன் ரேஸ் வடிவத்தை 'கிரான் டூரிஸ்மோ' வீடியோ கேமில் ஓட்டலாம். சாலையில் ஓட்ட முடியாது.

நம் நாட்டுக் கதை இன்னும் வலி தருவது. 2017 மார்ச்சில் ஜெனீவாவில் டாடா மோட்டார்ஸ், டாமோ ரேஸ்மோ என்ற இரண்டு இருக்கைக் காரை அறிமுகம் செய்தது. டாடாவின் 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் என்ஜின், இருக்கைகளுக்குப் பின்னால். 190 பிஎஸ், 210 என்எம். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஆறு நொடிக்குள். மேல்நோக்கித் திறக்கும் கதவுகள். இத்தாலியின் டூரினில் வடிவமைத்தது. நீளம் 3,835 மில்லிமீட்டர். நம் வரிச் சட்டத்தை அறிந்தவர்கள் அந்த நீளத்தையும் 1.2 லிட்டரையும் சேர்த்துப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். நான்கு மீட்டருக்குள் நீளம், 1,200 சிசிக்குள் பெட்ரோல் என்ஜின் என்றால் சிறிய காருக்கான குறைந்த வரி. விலை 25 லட்சம் ரூபாய் வரும் என்றொரு தொகை எங்கும் சுற்றியது. ஓர் இந்திய நிறுவனத்திடமிருந்து இப்படி ஒரு கார் என்ற நினைப்பே பலரைத் தூங்கவிடவில்லை.

என்ஜின் மட்டும்தான் குடும்பத்திலிருந்து வந்தது. அடிச்சட்டம் புதிது, கட்டும் முறை புதிது, அதே அடிச்சட்டத்தில் செய்ய இன்னொரு கார் அப்போது இல்லை, செலவைப் பங்கிட இன்னொரு நிறுவனமும் இல்லை. விற்கப்போவதும் சில நூறு கார்கள் என்ற பேச்சு. அந்த ஆண்டு முடிவதற்குள் திட்டம் நிறுத்தப்பட்டது. 190 குதிரைத்திறனைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினோம். இந்த அடிச்சட்டத்தில் வேறு என்ன செய்யப்போகிறீர்கள் என்று யாரும் உரக்கக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடிவு முதல் நாளே தெரிந்திருக்கும்.

86-உம் எம்எக்ஸ்-5-உம் இந்தியாவில் முறைப்படி விற்பனைக்கு வந்ததே இல்லை. அமெரிக்க விலையை இன்றைய டாலர் மதிப்பால் பெருக்கி, இவ்வளவு லட்சத்துக்குக் கிடைத்துவிடும் என்று எழுதுவதில் பயனில்லை. முழுதாகக் கட்டிய காராக வந்தால் சுங்க வரி, அதன்மேல் ஜிஎஸ்டி, அதன்மேல் சாலை வரியும் காப்பீடும். ஆன்-ரோடு விலை முற்றிலும் வேறு உலகத்தில் நிற்கும்.

இரண்டாம் சுற்று

2020 நவம்பரில் 86-இன் சுபாரு இரட்டையான பிஆர்இசட்டின் புதிய தலைமுறையும், 2021 ஏப்ரலில் 86-இன் அடுத்த தலைமுறையான ஜிஆர்86-உம் வெளியாவதற்கு முன் அதே நாடகம் மறுபடி நடந்தது. சுபாருவிடம் 2.4 லிட்டர் டர்போ என்ஜின் இருக்கிறது, இந்த முறை நிச்சயம் அதுதான் என்றார்கள். வந்தது அதே 2.4 லிட்டர், டர்போ கழற்றப்பட்டு. ஜப்பானில் 235 பிஎஸ். ஆனால் டார்க் 250 என்எம், அதுவும் 3,700 ஆர்பிஎம்-இலேயே முழுதாகக் கிடைத்தது. பள்ளம் இருந்த இடத்தையே அடைத்துவிட்டார்கள். சிலிண்டரின் விட்டத்தை 94 மில்லிமீட்டராக்கி, பிஸ்டன் தூரத்தை 86-ஆகவே விட்டுவைத்தார்கள். ஒன்பது வருடம் வாங்கியவர்கள் சொன்ன குறையை நிறுவனம் காது கொடுத்துக் கேட்டது என்பதற்கு அந்த 3,700 சாட்சி.

அமெரிக்காவில் 27,700 டாலருக்குத் தொடங்கியது. பிரிட்டனில் 29,995 பவுண்டுக்கு முன்பதிவு திறந்து ஒன்றரை மணி நேரத்தில் முதல் ஒதுக்கீடு தீர்ந்தது. இப்படிப் பறந்த காரை ஐரோப்பாவில் இரண்டே ஆண்டுதான் விற்றார்கள். 2024 ஜூலையில் அங்கே அமலான புதிய பாதுகாப்புச் சட்டம் கேட்ட கருவிகளை இந்த உடலில் பொருத்துவதற்கான செலவு, விற்கும் எண்ணிக்கைக்குக் கட்டுப்படியாகவில்லை. சட்டத்தின் நோக்கத்தில் எனக்குக் குறை இல்லை, உயிர்களைக் காக்கும் விதிகள் அவை. ஆனால் குறைந்த எண்ணிக்கையில், குறைந்த விலையில் செய்யும் காரின் கழுத்தில்தான் அந்தச் செலவு முதலில் விழுகிறது என்பதையும் மறக்கக் கூடாது.

செலிகா: என் கணக்கு

2024 மே மாதத்தில் டொயோட்டா, சுபாரு, மாஸ்டா மூன்றும் ஒரே மேடையில் நின்று தங்கள் அடுத்த தலைமுறை என்ஜின்களை அறிவித்தன. டொயோட்டா காட்டியவை 1.5 லிட்டர், 2 லிட்டர் நான்கு சிலிண்டர் என்ஜின்கள். பழையவற்றைவிடக் குள்ளமானவை, பானெட்டைத் தாழ்த்த வசதியானவை, வரப்போகும் புகைக் கட்டுப்பாடுகளை மனதில் வைத்துச் செய்தவை. 2025 ஜனவரியில் அந்த 2 லிட்டர் டர்போவை யாரிஸ் காரின் நடுவில், இருக்கைகளுக்குப் பின்னால் பொருத்தி ஒரு சோதனைக் காராகவும் காட்டினார்கள். எம்ஆர்2 வருகிறது என்ற பேச்சு அன்றிலிருந்து சூடு பிடித்தது.

செலிகாவில் இந்த 2 லிட்டர் டர்போ இருக்கும் என்பது என் எண்ணம். குடும்பக் கார்களிலும் எஸ்யூவிகளிலும் போகப்போகும் என்ஜின் என்பதால் செலவு பங்கிடப்படும். நான்கு சக்கர இயக்கமும் இருக்கும். யாரிஸுக்கும் கொரோல்லாவுக்கும் செய்த பாகங்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன, செலிகாவின் ராலிப் பெருமையும் அதைக் கேட்கும். பவர் 300-க்கு மேல். இதுவரை ரசிகர்களோடு ஒத்துப்போகிறேன்.

விலையில் ஒத்துப்போக முடியவில்லை. 300 குதிரைத்திறனும் நான்கு சக்கர இயக்கமும் உள்ள ஜிஆர் கொரோல்லாவே, கொரோல்லாவின் உடலையே அடிப்படையாகக் கொண்டும், 2025-இல் அமெரிக்காவில் 39,000 டாலரை ஒட்டி நின்றது. செலிகாவுக்குப் புதிய உடல் வேண்டும். ஆகவே 45,000 டாலருக்குக் கீழே அதை நான் எதிர்பார்க்கவில்லை. இன்னொரு நிறுவனம் அதே உடலில் தன் பெயரையும் ஒட்டுகிறது என்று செய்தி வந்தால் மட்டும் இந்த எண்ணை மாற்றிக்கொள்வேன். குதிரைத்திறன் பற்றிய எந்தச் செய்தியும் மாற்றாது.

கைக்கு எட்டும் கார் வேண்டும் என்றால் கண்ணை மாஸ்டாவின் ஊரான ஹிரோஷிமா பக்கம் திருப்ப வேண்டும். அடுத்த எம்எக்ஸ்-5-க்கு மாஸ்டா தயாரிக்கும் 2.5 லிட்டர் ஸ்கைஆக்டிவ்-இசட் என்ஜின், அதற்கு முன்பே சிஎக்ஸ்-5 எஸ்யூவியில் வரப்போகிறது. வருடத்துக்கு லட்சக்கணக்கில் விற்கும் வண்டி அது. என்ஜினின் செலவை அதுவே தாங்கிக்கொள்ளும். 2025-இல் எம்எக்ஸ்-5 அமெரிக்காவில் 30,000 டாலரை ஒட்டி இருந்தது. விலைவாசியைக் கணக்கில் எடுத்தால் 1989-இன் 13,800 டாலரைவிட அது குறைவுதான். அடுத்தது வரும்போது பவர் 200-ஐ ஒட்டியே நிற்கும், எடை ஒரு டன்னை லேசாகத் தாண்டும், டர்போ வராது, விலை 33,000-க்கும் 35,000-க்கும் நடுவில் இருக்கும் என்று இங்கே எழுதி வைக்கிறேன்.